கூரைமேல் எழுபது சதுர அடி

என் சகலையின் வேன் எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக வந்து நின்ற அன்று, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அதன் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். நான் மட்டும் எங்கள் மொட்டைமாடிக்கு ஏறிப்போய் அதன் கூரையைப் பார்த்தேன். இரண்டு கறுப்பு சோலார் பேனல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. ஐம்பத்தைந்து சதுர அடி இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டேன்.

அது எனக்குக் கைவந்த வேலை. ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் தோல் தரம் பிரித்தவன் நான். தோல் தொழிலில் பேச்செல்லாம் சதுர அடியில்தான். மேஜைமேல் ஒரு தோலை விரித்தவுடன் இத்தனை அடி என்று சொல்வேன். அப்புறம் அளக்கிற மெஷினில் விட்டுப் பார்த்தால் கால் அடிகூட முன்னே பின்னே இருக்காது. பெரிய தோல் என்றால் பெரிய மரியாதை. அந்தப் புத்தியோடுதான் அன்று மாடியில் நின்றேன். வயிறு எரிந்தது. கீழே என் மனைவி, "இங்க பாருங்க, மோர்கூட சில்லுனு இருக்குது" என்று வேன் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். எனக்கு இன்னும் எரிந்தது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். என்னைவிட நான்கு வயது சின்னவர், ஒடுகத்தூர்க்காரர். அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிவரும் வேன்கள் வைத்திருந்தார். ஒரு வேன் பழசானதும் அதைத் தள்ளிவிடாமல், சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, குட்டி பிரிட்ஜ், மின்விசிறி என்று வைத்து, ஓடுகிற வீடாக்கிவிட்டார். மனிதர் நல்லவர்தான். அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

எங்கள் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை. அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அவர்களோடு சேர்ந்து எங்கேயும் ஊர் சுற்றப் போனதில்லை. ரிட்டயர் ஆனதும் ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போகிறேன், கடலுக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுந்திருக்கலாம் என்று மனைவியிடம் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆனேன். அதற்குள் அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். படுக்கும்போது மூக்கில் முகமூடி போல மாட்டிக்கொண்டால் அது காற்றை உள்ளே தள்ளும். அது இல்லாமல் அவள் தூங்கக்கூடாது. அன்றிலிருந்து எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, வெளியூர் லாட்ஜில் ராத்திரி கரண்டு போனால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த மெஷின் வீட்டுச் சுவர் மாதிரி எனக்குப் பழகிப்போயிற்று. அது ஒன்று இருக்கிறது என்பதே என் கண்ணில் படாது.

அன்று கிளம்பும்போது மைத்துனி சொன்னாள்: "அக்கா, மாசி மாசம் ராமேஸ்வரம் போறோம். நீங்களும் எங்க வண்டிலயே வந்துடுங்க. எல்லாத்துக்கும் கரண்டு இருக்குது."

எல்லாத்துக்கும் கரண்டு இருக்குதாம். எப்படிப்பட்ட பீற்றல் என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா, நாங்க எங்க வண்டில வர்றோம்" என்றேன்.

"எந்த வண்டி?" என்றாள் என் மனைவி. எங்களிடம் அப்போது ஸ்கூட்டர்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் வேன் வந்துவிட்டது. யாரோ ஒருவர் ஊர் சுற்றுவதற்காகப் பாதி மாற்றியமைத்துவிட்டு அலுத்துப்போய் விற்ற வண்டி. கட்டில் இருந்தது, கூரைமேல் சின்னதாக ஒரு பேனல் இருந்தது, சீட்டுக்கு அடியில் ஒரு பழைய பேட்டரி இருந்தது. ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓடும். வேறு எவனாக இருந்தாலும் அதுவே போதும் என்று இருந்திருப்பான். எனக்கோ மாடியில் ஏறிப் பார்க்கும்போதெல்லாம் ஐம்பத்தைந்து அடி ஞாபகம் வந்தது. பெரிய நெற்றியில் சின்னப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது என் கூரை.

சகலைக்கு சோலார் போட்டுக் கொடுத்த கடை வாலாஜாபேட்டையில் இருந்தது. டிப்ளமோ படித்த ஒரு அம்மா நடத்துகிறார். அங்கே போனேன்.

"வண்டில இன்னா இன்னா ஓட்டப் போறீங்க சார்?" என்று கேட்டு, கோடு போட்ட ஒரு தாளை நீட்டினார். பொருள், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று மூன்று கட்டம். "இத எழுதிக் குடுங்க. மொதல்ல இது, அப்புறம் பேட்டரி, கடைசிலதான் பேனல்."

"ஒடுகத்தூர்க்காரருக்குப் போட்டீங்களே, அவருக்கு எவ்ளோ?"

"அவருக்கு இன்னா வேணுமோ அது."

"எனக்கு அதவிட ஜாஸ்தி போடுங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மேல பாத்துச் சொல்லாதீங்க சார். உள்ள இன்னா இருக்குதுன்னு எண்ணிட்டு வாங்க. மேல இருக்கறது பகல்ல புடிக்கறதுக்கு. ராத்திரில ஓட்டறது கீழ இருக்கற பேட்டரிதான்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு கடைக்காரி எனக்கு எண்ணச் சொல்லித் தருகிறாளே என்று ஆத்திரம். நேராக ராணிப்பேட்டையில் பழைய சாமான் வாங்கி விற்பவரிடம் போனேன். ஏதோ கட்டடத்துக் கூரையிலிருந்து இறக்கிய நீலப் பேனல்கள் சாத்தி வைத்திருந்தார். நான்கை எடுத்து, இருந்த சின்னப் பேனலைக் கழற்றிவிட்டுக் கூரையில் மாட்டினேன். எழுபது சதுர அடி. சகலைக்கு இரண்டு, எனக்கு நான்கு. அவருக்கு ஐம்பத்தைந்து, எனக்கு எழுபது. பேட்டரியை மாற்றவில்லை. அது சீட்டுக்கு அடியில் இருக்கிறது, எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது? மிச்சம் பிடித்ததில் ஒரு பிரிட்ஜ் வாங்கினேன், அவருடையதைவிட ஒரு சாண் உயரமாக. வண்டியின் இரண்டு பக்கமும் நீல விளக்கு ஓட விட்டேன்.

என் மனைவி சுற்றி வந்து பார்த்தாள். "புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கினாப்பல இருக்குது" என்றாள். பிறகு, "எம் மெஷின் ஓடுமா?" என்று கேட்டாள்.

"எழுபது அடி. ஒரு டேனரியே ஓடும், போ."

ராமேஸ்வரத்துக்கு முன்னால் ஒத்திகையாக ஏலகிரிக்குப் போனோம். ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அவள் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிரிட்ஜிலிருந்து தயிரை எடுத்துக் கொடுத்தேன். நீல விளக்கைப் போட்டேன். கூரையை அதற்கு முந்தின வாரமே போட்டோ எடுத்து மைத்துனிக்கு அனுப்பியாயிற்று. அன்று தூங்கப் போகும்போது இருந்த சந்தோஷம் எனக்குப் பல வருஷமாக வந்ததில்லை.

காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கதவு திறந்திருந்தது. வண்டிப் படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமூடி கழுத்தில் தொங்கியது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"எப்ப எழுந்த?"

"நடுவுல மூச்சு முட்டி முழிச்சிக்கினேன். மெஷின் நின்னு போச்சு. அப்புறம் படுக்க பயமா இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

"என்ன எழுப்பறதுதானே?"

"நீங்க எழுந்து இன்னா பண்ணுவீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு ஏரியைப் பார்த்தாள். பிரிட்ஜும் நின்றிருந்தது. கதவைத் திறந்தபோது மீதித் தயிர் புளித்திருந்தது. கூரைமேல் எழுபது அடியும் அப்போதுதான் வெயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் தங்கைக்குப் போன் செய்து, நாங்கள் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று சொன்னாள். காரணம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்று எனக்கு அவள்மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது.

மறுநாள் வாலாஜாபேட்டைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். சீட்டைத் தூக்கி பேட்டரியைப் பார்த்தார்.

"பழசு சார் இதெல்லாம். இந்த நாலும் சேந்துகூட அவரோட ரெண்டு குடுக்கறத குடுக்காது. குடுத்தாலும் வைக்க இடம் வேணுமில்ல? இந்த பேட்டரில பாதிதான் நம்பி எடுக்கலாம். அதுல பிரிட்ஜ், ஃபேனு, நீல லைட்டு. எத்தன மணிக்கு நின்னுச்சு?"

"தெரியாது. நான் தூங்கிட்டிருந்தேன்."

சதுர அடியைப் பார்த்துத்தான் பேனல் வாங்கினேன் என்று நானாகவே சொன்னேன். எழுபது அடி நீலத்தைவிட ஐம்பத்தைந்து அடி கறுப்பு ஏன் அதிகம் தருகிறது என்று அந்த அம்மா விளக்கினார். தோலிலும் அப்படித்தான். பெரிய தோலாக இருக்கும், புரட்டினால் சதைப்பக்கம் முழுக்க வெட்டுக்காயம் இருக்கும். புரட்டிப் பார்க்காமல் ஒருநாளும் நான் தரம் சொன்னதில்லை. இங்கே மட்டும் மேலே பார்த்தே சொல்லிவிட்டேன்.

"அந்தத் தாள எழுதினீங்களா?"

எழுதவில்லை என்றேன். "அப்ப இதப் பாத்து எழுதுங்க" என்று ஃபைலிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து வைத்தார். சகலை எழுதிக் கொடுத்த தாள். கோணல்மாணல் கையெழுத்து எனக்குத் தெரியும். எத்தனை கல்யாணப் பத்திரிகை உறையில் பார்த்திருக்கிறேன்.

முதல் வரியே இதுதான்: "அக்கா மூச்சு மெஷின். 60 வாட். 8 மணி நேரம்."

அதற்குக் கீழேதான் பிரிட்ஜ். அதற்குக் கீழே மின்விசிறி. கடைசியில் அவருடைய போன்.

"அவங்க அக்காவுக்குன்னு சொல்லித்தான் பேட்டரி பெருசா போட்டாரு" என்றார் அந்த அம்மா. "அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்னா அதுல பாதி போதும். நான்கூட சொன்னேன். இல்ல, அக்கா எங்கயும் போனதில்ல, வண்டி பண்றதே அவங்களும் வரட்டும்னுதான்னாரு."

அக்கா என்று சகலை கூப்பிடுவது என் மனைவியை. எனக்கு அங்கே நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. அவர் வேன் வைத்திருக்கிறார் என்று எரிந்தேன், பிரிட்ஜுக்கு எரிந்தேன், ஐம்பத்தைந்து அடிக்கு எரிந்தேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இந்த ஒரு வரியைப் பார்த்து எரிந்ததுதான் எரிச்சல். இந்த வரியை எழுத வேண்டியவன் நான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். "உன் மெஷினு எவ்ளோ கரண்டு இழுக்கும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"போன பொங்கலுக்கு முந்தின பொங்கல்ல வந்தாரே, அப்பதான். மெஷினத் திருப்பி அடியில ஒட்டியிருக்கறத போன்ல படம் புடிச்சிக்கினு போனாரு. உங்ககிட்டகூட சொன்னேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

"நீங்க டிவி பாத்துக்கினு இருந்தீங்க."

படுக்கையறைக்குப் போனேன். மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆயுசு பூராவும் தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த கையால் அதை முதல்முறையாகப் புரட்டினேன். அடியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். அறுபது வாட். தூசிகூட இல்லை, அவள் துடைத்து வைத்திருந்தாள்.

நானே மைத்துனிக்குப் போன் செய்து, நாங்களும் வருகிறோம், உங்கள் வண்டியிலேயே வருகிறோம் என்றேன். அவள் சந்தோஷப்பட்டுப் பேசுவதற்குள் போனை வைத்துவிட்டேன். அடக்கத்தால் இல்லை, பொறாமையால்தான்.

ராமேஸ்வரத்தில் விடியும்போது கடலைப் பார்க்க வண்டியை நிறுத்தியிருந்தோம். சகலை டீ போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி முகமூடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கி வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"நல்லாத் தூங்கினேங்க" என்றாள் என்னிடம்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வேன் வாங்கியிருக்க வேண்டும். அது இன்னொருத்தன் வண்டியில், இன்னொருத்தன் கரண்டில் என் காதில் விழுந்தது. ஆமாம், நல்ல காற்று என்றேன். சகலை திரும்பிக்கூடப் பார்க்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த அடக்கமும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, நேத்து வழில உங்க வண்டிக்கு பேட்டரி மாத்தணும்னீங்களே, லிஸ்ட் குடுத்துட்டீங்களா?" என்று டீயை நீட்டினார்.

"இன்னும் இல்ல" என்றேன். "ஊருக்குப் போய்த்தான்."

ஊருக்கு வந்து, பையில் நான்காக மடிந்து கிடந்த அந்தக் கோடு போட்ட தாளை எடுத்து விரித்தேன். முதல் கட்டத்தில் மூச்சு மெஷின் என்று எழுதினேன். அறுபது வாட். மணி நேரம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவர் எட்டு என்று எழுதியிருந்தார். அவள் மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் மெஷினை மாட்டிக்கொண்டு கண் அயர்வாள். அது அவருக்குத் தெரியாது.

ஒன்பது என்று எழுதினேன்.