மேகம் கறுத்தா பிளக்கைக் கழட்டுறவன்

எங்க அண்ணிக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, "மின்னலுக்குக் காவல்"னுதான் சொல்லுவேன். அவங்க வானிலை ஆபீஸ்ல இருக்காங்க. அவங்களையே விளக்கச் சொன்னா கேட்கிறவங்களுக்குக் கொட்டாவி வந்துடும், அதான் நானே முந்திக்கிறது.

எங்க அண்ணன் கல் குவாரியில வெடி வைக்கிறவன். பாறையில துளை போட்டதும் வெடிமருந்தை இறக்கி, ஒயரை இழுத்து, மத்தவங்களை எல்லாம் மேல அனுப்பிட்டு அவன்தான் கடைசியா ஏறி வருவான். அந்த வேலைக்கு மின்னல்தான் எமன். பக்கத்துல எங்கேயாவது விழுந்தாலே போதும், யாரும் பட்டனைத் தொடாமலேயே அந்த ஒயர் வழியா வெடிச்சிடும். அண்ணி கல்யாணமாகி வந்த புதுசுல, வானம் இருட்டினா அவங்களுக்குச் சோறு இறங்காது. அவன் வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்கிற வரைக்கும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே இருப்பாங்க.

அந்தப் பயத்துலதான் இந்த மெஷின் லேர்னிங்குல இறங்கினாங்க. எனக்கு ஒரு தடவை காய் நறுக்கிக்கிட்டே புரிய வச்சாங்க. காத்து, ஈரப்பதம், சூடு, மேகத்தோட உயரம்னு பழைய தகவலை எல்லாம் கம்ப்யூட்டர்கிட்ட கொடுக்கணுமாம். அந்த நேரத்துல மின்னல் விழுந்துச்சா இல்லையான்னும் கூடவே சொல்லணுமாம். காட்டக் காட்ட, எப்படிப்பட்ட வானத்துல மின்னல் வரும்னு அதுவே கத்துக்குமாம்.

"நாம எதைக் காட்டுறோமோ அதை அப்படியே நம்பிடும். சொந்தப் புத்தி கிடையாது"ன்னாங்க.

"அப்போ எங்க அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க"ன்னேன். கத்தியைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க.

மின்னல் விழுந்துச்சா இல்லையான்னு சொல்றதுக்கு ஒரு சென்சார் வேணும். ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி ஒண்ணை வாங்கி, குவாரி ஆபீஸ் கூரையில மாட்டினாங்க. அதுலேர்ந்து வர்ற ஒயர் கீழ ஒரு பெட்டியில போய்ச் சேரும். பெட்டிதான் எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும். மாட்டின அன்னிக்கு அண்ணன்கிட்ட, "ஏங்க, இதைப் பத்திரமா பார்த்துக்கங்க. இது போச்சுன்னா இன்னொண்ணு தர மாட்டாங்க"ன்னு சொல்லிட்டு வந்தாங்க.

பத்திரம்னு சொன்னா போதுமே அவனுக்கு. முன்னாடி ஒரு தடவை இடி விழுந்து எங்க வீட்டு டிவி கருகிப்போச்சு. அதுலேர்ந்து அவன் வீட்ல இருக்கிறப்போ மேகம் கறுத்தாலே டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸின்னு ஒவ்வொரு பிளக்கா பிடுங்கிக்கிட்டு வருவான். சீரியல்ல மாமியார் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பா, டப்புன்னு அணைஞ்சிடும். நான் தாம்தூம்னு குதிப்பேன். "கருகினா நீயா வாங்கித் தரப்போறே"ம்பான். பைத்தியக்காரன்.

கொஞ்ச வருஷத்துல அண்ணியோட மிஷின் தயாராயிடுச்சு. குவாரி ஆளுங்க போன்ல ஒரு வட்டம் தெரியும். பச்சைன்னா வேலை பார்க்கலாம், சிவப்புன்னா குழியை விட்டு ஏறிடணும். அண்ணனுக்குப் பெருமை தாங்கலை. அண்ணிக்கு ஜோசியக்காரின்னு பேர் வச்சான். காலையில சட்டையை மாட்டிக்கிட்டே, "ஏ ஜோசியக்காரி, இன்னிக்கு என் ஜாதகம் எப்படி"ன்னு கேட்காம கிளம்ப மாட்டான். அவங்களும் போனைப் பார்த்துட்டு, "ஆயுசு கெட்டி, போயிட்டு வாங்க"ம்பாங்க. வானம் இருட்டினாலும் அண்ணிக்குச் சோறு இறங்க ஆரம்பிச்சுது. எங்க வீடு நல்லா இருந்த காலம்னா அதுதான்.

அந்த நாள் மத்தியானம் வட்டம் பச்சையாதான் இருந்துச்சு. மருந்தெல்லாம் இறக்கியாச்சு, அவன் ஒயரைக் கட்டிக்கிட்டு இருந்தான். முதல் மின்னலே குவாரியிலதான் விழுந்துச்சு. மத்தவங்க எல்லாரும் மேல இருந்தாங்க. எங்க அண்ணன் மட்டும்தான் கீழ. முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டலை.

அண்ணி அழலை. வந்தவங்க எல்லார்கிட்டயும் "பச்சை காட்டுச்சு, பச்சை காட்டுச்சு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போடுங்க"ன்னு கத்தினேன். போடலை. மறுவாரமே அதைத் திறந்து வச்சு உட்கார்ந்துட்டாங்க. வேற குவாரியிலயும் இதே பச்சையை நம்பி ஆளுங்க குழியில இறங்குவாங்களே, எங்கே தப்புன்னு தெரியணுமாம். பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிட்டேன்.

என்கிட்டயே காட்டினாங்க. "பாரு, மேகம் தூரத்துல இருக்கிறப்போ மின்னல் பதிவாகியிருக்கு. குவாரிக்கு நேர் மேல வந்து கறுத்ததும் பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் இப்படியே. தலைக்கு மேல வந்த மேகம் ஒண்ணும் பண்ணாதுன்னு இது கத்துக்கிட்டிருக்கு. ஆனா அது எப்படி? மின்னல் என்ன, குவாரி கேட்டைப் பார்த்துத் திரும்பிப் போகுமா?"

அப்போதான் ஒரு நாள், அண்ணன்கூட வேலை பார்த்த துளை மிஷின்காரர் வந்தார். அண்ணனோட டிபன் பாக்ஸ், மாத்துச் சட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வந்திருந்தார். எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியாம மடியிலயே வச்சுக்கிட்டிருந்தார். ஆறுதலா ஏதாவது சொல்லணுமேன்னு நினைச்சுத்தான் பேசினார், பாவம்.

"உங்க மேல அவருக்கு அவ்வளவு உசுரு, அக்கா. மேகம் கறுத்தா எங்களை ஏறச் சொல்றதுக்கு முன்னாடி ஆபீசுக்கு ஓடி உங்க சென்சார் பிளக்கைத்தான் கழட்டுவார். என் பொண்டாட்டி கெஞ்சி வாங்கினதுடா, கருகக் கூடாதும்பார். வானம் தெளிஞ்சதும் மறக்காம மாட்டிடுவார். அன்னிக்கும் கழட்டிட்டுத்தான் குழிக்கு வந்தார். பச்சைதானே காட்டுது, ஏன் கழட்டுறீங்கன்னு நான்கூட கேட்டேன். பச்சை எனக்குத்தான்டா, இந்தச் சென்சார் மிஷினுக்கு இல்லைன்னு சிரிச்சார்."

எனக்கு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. சென்சாரைக் கழட்டினாலும் பெட்டிக்குத் தனி பேட்டரி இருக்கு. அது பாட்டுக்குப் பூஜ்யம் பூஜ்யம்னு பதிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. குவாரி தலைமேல மேகம் வந்தா பயமில்லைன்னு அந்தக் கம்ப்யூட்டருக்குக் கத்துக்கொடுத்தவன் எங்க அண்ணன்தான்.

அவர் போனதும் அண்ணி அந்தச் சட்டையை எடுத்து முகத்துல வச்சுக்கிட்டு அழுதாங்க பாருங்க, அதை என்னால சொல்ல முடியாது. நான் கதவைச் சாத்திட்டு வெளியில நின்னேன்.

அப்புறம் அந்தப் பொய்ப் பூஜ்யத்தை எல்லாம் எடுத்துட்டு மிஷினுக்கு மறுபடி முதல்லேர்ந்து கத்துக்கொடுத்தாங்க. அன்னிக்கு இருந்த வானத்தை அதுக்குக் காட்டினப்போ வட்டம் சிவப்பாச்சு. அவன் மருந்தைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அதையே எல்லா குவாரிக்கும் அனுப்பி வச்சாங்க.

மேலதிகாரி வீட்டுக்கே வந்தார். "சென்சாரைக் கழட்டினது யாருன்னு தெரிஞ்சுதாம்மா"ன்னு கேட்டார். நான் அண்ணி முகத்தையே பார்த்தேன். "பூஜ்யம் வந்தப்பவே நான் போய்ப் பார்த்திருக்கணும் சார். என் தப்புன்னே எழுதிக்கங்க"ன்னாங்க. யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.

நேத்து சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் டிவி முன்னாடி சும்மா உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் பக்கம் மேகம் கறுத்துச்சு. அவன் பண்ற வேலையை யாராவது பண்ணணுமேன்னு நான் எழுந்து பிளக்குல கையை வச்சேன்.

"விடு. போனா போகட்டும், மிஷின்தானே"ன்னாங்க அண்ணி.

நான் கையை எடுத்துட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னாங்க.