கேட்டில் ஒலித்த என் குரல்

அன்றைக்கு வீட்டில் அப்பா இருந்தார், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார், லேப்டாப்பும் கையுமாக நான் இருந்தேன். அம்மா மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஓ.டி., கூடுதல் நேர வேலை, இருந்தது. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் முதல் ஷிப்ட். ஆனால் நான் காட்டக் கொண்டுவந்திருந்த ஆப் அவளுக்காகச் செய்தது.

வயதானவர்களுக்கு மாத்திரை வேளையை நினைவூட்டும் ஆப் அது. சென்னையில் நான் வேலை பார்க்கும் சின்ன கம்பெனியில் அதன் திரைகளை வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். படிப்பு வீட்டுக்கும் ஆகட்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை. கேன்டீனின் ஈரத் தரையில் நின்று நின்று குதிகாலில் வந்த புண் ஆறவே இல்லை. சாப்பிட்டதும் ஒழுங்காக மாத்திரை போடாவிட்டால் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெரிய எழுத்து, பெரிய பொத்தான், மாத்திரையின் படம். மணியோசைக்குப் பதில் என் குரலையே பதிந்து வைத்தேன். "எம்மா, சாப்ட்டியா? மாத்திர போட்டுக்கோம்மா."

அத்தை கேட்டுவிட்டுச் சிரித்தார். "போன்ல நல்லாதான் கொஞ்சுற. நேர்ல வந்தா சாக்ஸ் எங்க, சட்ட எங்கன்ற."

நேரில் பார்ப்பதே எங்கே? விடிவதற்கு முன்பே அம்மாவின் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறும்போது அவள் அங்கே அரிசி களைந்துகொண்டிருப்பாள். ராத்திரி நான் திரும்பும்போது தூங்கியிருப்பாள். தட்டு போட்டு மூடிய குழம்பு மட்டும் லேசான சூட்டோடு இருக்கும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே, வெளியூரில் இருப்பவனைப் போல அம்மாவுக்கு ஏங்கினேன்.

அம்மாவின் போனில் ஆப்பைப் போட்டு, சாப்பாட்டு நேரம் என்று காலை எட்டு மணிக்கு வைத்தேன். அதனால் அந்த எட்டு மணி எனக்குப் பிடித்துப்போனது. பூந்தமல்லி நெரிசலில் பஸ் நிற்கும்போது, இப்போது என் குரல் அம்மா காதில் விழும் என்று நினைத்துக்கொள்வேன். 'போட்டாச்சு' என்ற பொத்தானை அமுக்கும்வரை குரல் ஓயாது. கொஞ்ச நேரத்தில் என் போனில் பச்சைக் குறி விழும். அன்றைய நாளுக்கு அது போதும்.

ஒரு லீவு நாளில் அம்மாவைக் கூட்டிவரக் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் அம்மாவைப் பற்றி விசாரித்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி பேசு. அட, நீதானாப்பா அது? டெய்லி எட்டு மணிக்கு எம்மா எம்மான்னு கத்துறது?"

"அம்மா போன் உங்ககிட்டயா இருக்கு?"

"எல்லார் போனும் இந்தப் பொட்டிலதான் கீது. உள்ள எடுத்துகினு போவ வுட மாட்டாங்க. நீ நிறுத்த மாட்டன்ற, நான்தான் அமுக்குறேன். எனக்கும் பிரஷர் மாத்திர கீது. உன் புண்ணியத்துல கரெக்டா போட்டுக்குறேன்."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"பச்சையாச்சு பச்சையாச்சுன்னு அவ்ளோ சந்தோசமா சொன்ன. எப்புடிடா சொல்றது? எனக்கு லீவு நாள்ல வீட்ல உன் குரலக் கேக்குறேனே, போதாதா."

"எத்தன மணிக்கு சாப்புடுற?"

"எல்லாருக்கும் போட்டு முடிக்கவே பதினோரு மணி ஆயிடும்."

"மாத்திர?"

"ஞாபகம் வந்தா போடுவேன்."

கிளம்பும் முன்பு போடலாம் என்றால் அந்த நேரத்தில் அவளுக்குச் சோறு இறங்காது. வெறும் வயிற்றில் போடக்கூடாத மாத்திரை. பதினோரு மணிக்கு மாற்றினாலும் போன் பெட்டியில்தான் கிடக்கும். இதைத் தீர்க்க என்னிடம் வேறு திரை எதுவும் இல்லை.

வீட்டில் அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார், "காலைல லேட்டா போற ஜெனரல் ஷிப்ட் கேளு."

"அதுல ஷிப்ட் காசும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது," என்றாள் அம்மா.

"கால் போச்சுன்னா எந்தக் கடைல வாங்குவ?"

அம்மா காலில் கட்டியிருந்த துணியைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தாள். அடுத்த மாதம் ஜெனரல் ஷிப்டுக்கு மாறினாள்.

இப்போது எட்டு மணிக்கு வீட்டிலேயே சாப்பிடுகிறாள். குரல் கேட்டதும், "தோ போடுறேன்டா, இருடா" என்று போனுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அமுக்குகிறாளாம், அப்பா சொன்னார். அதைக் கேட்க நான் அங்கே இருப்பதில்லை, பூந்தமல்லியில் நிற்கிறேன். புண் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்திருக்கிறது. முதல் ஜெனரல் ஷிப்ட் சம்பளம் வந்த அன்று அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். மாதம் மூவாயிரத்து நானூறு ரூபாய் குறைந்திருந்தது.