கட்டைவிரலுக்கு ஒரு பந்து

நெல்லியடியில் என் வீட்டு முன்னறையில் கல்வெட்டு அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கல்லில் அல்ல, ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். படங்களை அடுக்குவது, தேவாரம் சேர்ப்பது, மருமக்களின் பட்டங்களைப் பிழையில்லாமல் போடுவது எல்லாம் கணினியில் என் வலது கை பார்க்கும் வேலை. அந்தக் கை மணிக்கட்டில் நோகத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியாமல் போனதும் டொக்டரிடம் போனேன்.

"கையை மாத்தேலாது. மவுஸை மாத்துங்கோ," என்றார். இல்லாவிட்டால் தொழிலை விடவேண்டி வருமாம். பயந்துபோனேன்.

யாழ்ப்பாணத்தில் ஐம்பது சீலையை விரிக்கவைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழும்பி வரலாம். செருப்பைப் போட்டு நடந்து பார்க்கலாம். நாள் முழுக்கக் கையில் இருக்கப்போகும் மவுஸை மட்டும் பெட்டிக்கு வெளியே நின்று தரிசிக்க வேண்டும்.

"தம்பி, ஒருக்காப் பிடிச்சுப் பாக்கலாமோ?" என்று கணினிக் கடைப் பெடியனிடம் கேட்டேன்.

"பெட்டியை உடைச்சா எடுக்கவேணும் அக்கா."

"எடுத்த பிறகு கைக்குச் சரிவராட்டி?"

"வெளிநாட்டிலை எல்லாரும் உதைத்தான் பாவிக்கினம்."

வெளிநாட்டுக்காரரின் மணிக்கட்டுக்கு உத்தரவாதம் கிடைத்தது. என்னுடையதைக் கடவுளிடம் விட்டுவிட்டு, பெட்டியில் இருந்த படத்தை நம்பி ஒரு டிராக்பால் வாங்கினேன். அது மேசையில் அசையாமல் கிடக்கும். பக்கத்தில் உள்ள பந்தைக் கட்டைவிரலால் உருட்டினால் திரையில் அம்பு நகரும். கூடவே ஒரு மெக்கானிக்கல் கீபோர்ட். விரலுக்குச் சுகம்தான், சத்தம் றோட்டுக்குக் கேட்கும். அதுவும் நல்லதற்கே. முன்பு நான் சும்மா இருப்பதாக நினைத்தவர்கள் இப்போது, "அக்கா மும்முரமா வேலை செய்யிறா," என்று மதிக்கிறார்கள்.

அடுத்த கிழமை, தகப்பனின் கல்வெட்டுக்காக இரண்டு மகன்மாரும் ஒரு மகளும் வந்தார்கள். மகன்மார் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஆகவே முன் கதிரைகள். மகள் தகப்பனைக் கடைசிவரை குளிப்பாட்டிப் பார்த்தவள், ஆகவே பின்னால். மூத்தவர் தன் குடும்பப் படத்தை மேலே ஏற்றச் சொன்னார். இளையவர் தன்னுடையதைப் பெரிதாக்கச் சொன்னார். ஏற்றினேன், பெரிதாக்கினேன். நடுவில் தகப்பன் முத்திரை அளவுக்குச் சுருங்கிப் போனார்.

"விடும் தங்கச்சி, நான் செய்யிறன்," என்று மூத்தவர் என் கையில் இருந்த டிராக்பாலைப் பறித்தார். இதுவும் வழக்கம்தான். வருகிறவர்கள் கலைத்ததையெல்லாம் திரும்ப அடுக்கியே என் கை பாதி கெட்டது. அவர் அதை மேசையில் இழுத்தார், தள்ளினார், தூக்கிக் குலுக்கினார். அம்பு அசையவில்லை.

"உது பழுது," என்றார்.

இளையவர் வாங்கித் தானும் இழுத்தார். "ஓம், பழுதுதான்." காலையிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது இதில் மட்டும்தான்.

பந்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. திரும்பிப் பின்னால் இருந்தவளைப் பார்த்தேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

அவள் தமையன்மாரை ஒருமுறை பார்த்தாள். "ஐயாவின்ரை படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ அக்கா."

டிராக்பாலை வாங்கி, கட்டைவிரலால் மெல்ல உருட்டினேன். ஐயா பக்கம் முழுவதும் நிறைந்தார். மகன்மாரின் குடும்பங்கள் அடுத்த பக்கத்துக்குப் போயின. கை கொஞ்சமும் நோகவில்லை.

"இப்ப மட்டும் உது எப்பிடி வேலை செய்யுது?" என்றார் மூத்தவர்.

"உது ஆள் பாத்துத்தான் வேலை செய்யும் அண்ணை," என்றேன்.