இருபது ஆண்டு, எந்த ஆண்டிலிருந்து?

"இன்னும் இருபது ஆண்டுகளில்" என்று ஒரு புத்தகம் சொன்னால், அந்த இருபதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது? சிரிக்காதீர்கள். எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாகிராமத்திலிருந்து நாத்தனார் போன் செய்தாள். ஏழாம் மாதம் அவளுக்கு. "அண்ணி, பாப்பாவோட பழைய சட்டை, தொட்டில் கட்டை எல்லாம் பரண்ல சும்மாதான கெடக்கு? வளைகாப்புக்கு வரும்போது எடுத்தாந்துடுங்க." எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடுவதில்லை. இன்னொரு குழந்தை போட்டுக் கழித்ததைத்தான் முதலில் போட வேண்டும். அப்படிக் கொடுத்த துணி திரும்பி வராது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று போய்க்கொண்டே இருக்கும்.

"சரி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், போனது திரும்பாது என்பது உறைத்தது.

பரணிலிருந்து துணிப் பையை இறக்கியதும் பாச்சா உருண்டை வாசனை. என் கணவர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். இந்தச் சட்டைகளைப் பாப்பா போட்ட நாட்களில் அவர் சட்டையிலும் கிட்டத்தட்ட இதே வாசனைதான் வரும். அவளுக்கு அப்போது ஒரு வயது. அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் பஸ்ஸில் போவேன், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. ஜன்னலோரம் கிடைத்தால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு அத்தியாயம் முடித்துவிடுவேன்.

புத்தகங்கள் மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த வாடகை நூலகத்தில் எடுத்தவை. மற்ற பெண்கள் தொடர்கதை கேட்பார்கள். நான் மக்கள்தொகை, பொருளாதாரம், பூமி சூடாவது என்று எதையாவது தேடுவேன். நூலகக்காரருக்கு என்னைக் கண்டாலே கிண்டல். "வாம்மா, ஒலகம் இன்னும் அழியல. போன வாரம் எடுத்தத மொதல்ல குடு."

அப்படித்தான் அந்தப் புத்தகம் வந்தது. காக்கி அட்டை போட்டு பைண்ட் செய்தது. மனித குலத்தின் எதிர்காலம் பற்றியது. இன்னும் இருபது ஆண்டுகளில் இருக்கிற வாய்களுக்குச் சோறு போதாது, தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று எழுதியிருந்தது. இருபது ஆண்டில் என் மகள் கல்லூரி முடித்திருப்பாள். அவளுக்கே போதாத உலகத்தில் இன்னொன்றா?

அந்த வருடம்தான் கணவர் மெதுவாகக் கேட்டார், "பாப்பாவுக்கு ஒரு தொண வேணாமா?" நான் அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். மற்ற வீட்டுப் பெண்கள் எப்படிப் பதில் சொல்வார்களோ தெரியவில்லை.

லீவு நாளில் அவர் சாவகாசமாகப் படித்தார். திடீரென்று அப்படி ஒரு சிரிப்பு.

"ஏய், இங்க வா. ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி வந்துடும்னு போட்டிருக்கான். நம்ம வீட்ல அது ரெண்டு வருஷமா ரிப்பேர்ல கெடக்கு."

அந்த அத்தியாயத்தை நான் படிக்கவே இல்லை. பயமுறுத்தும் பக்கங்களை மட்டும் தேடிப் படிப்பவள் நான். எப்போது எழுதினது என்று பார்க்கலாமென்றால் முதல் தாள்களைக் காணோம்.

மறுநாளே நூலகக்காரரிடம் கேட்டேன்.

"பைண்டிங் போடும்போது முன்னாடி ரெண்டு தாள் கிழிஞ்சா தூக்கிப் போட்டுடுவோம்மா. கதைதான முக்கியம்?"

"இது கதை இல்லீங்க."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

பஸ்ஸில் வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. பழைய புத்தகம், கெடு எப்போதோ முடிந்திருக்கும், சோறு தீர்ந்துவிடவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் தண்ணீர் கேன். மாமியார் சொன்னார், "போர் தண்ணி ஒரே உப்பு. எதிர்வீட்லயும் கேன்தான் வாங்குறாங்க, நமக்கும் ஒண்ணு சொல்லிட்டேன்." சோற்றில் தோற்ற புத்தகம் தண்ணீரில் ஜெயித்துவிட்டது. மற்றதில் எதில் தோற்கும், எதில் ஜெயிக்கும்?

அதன் பிறகு வெறி பிடித்த மாதிரி படித்தேன். இளைஞர்கள்தான் ஒரு நாட்டின் செல்வம் என்றது ஒரு பொருளாதாரப் புத்தகம். விஞ்ஞானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றது இன்னொன்று. கடல் உள்ளே வரும் என்றது மூன்றாவது. சுனாமி அலை வந்து போன ஊரில் உட்கார்ந்து அதைப் படிப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கணவரிடம் ஒப்பித்தேன். ஒருநாள் ஷூவைக் கழற்றியபடியே கேட்டார்:

"ஒரு புஸ்தகம் வேணுங்குது, ஒரு புஸ்தகம் வேணாங்குது. சரி, நீ என்னா சொல்ற?"

"அடுத்த வருஷம் பாக்கலாங்க" என்றேன். அதற்கடுத்த வருடமும் அதையே சொன்னேன். அவர் பிறகு கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இப்போது பாப்பா இரண்டாம் வகுப்பு. அந்தச் சந்தில் நூலகம் இல்லை. செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். முதல் தாளாவது எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது புத்தகமே இல்லை. கம்ப்யூட்டர் சென்டரும் மூடியாகிவிட்டது. கணவர் கம்பெனி ஸ்டோருக்கு மாறியதிலிருந்து சட்டையில் அந்த வாசனை இல்லை. பையில் மட்டும் இருக்கிறது.

பை கூடத்து மூலையில் இரண்டு நாளாக இருக்கிறது. நேற்று பாப்பா அதிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்து, "நான் இவ்ளோ குட்டியாவா இருந்தேன்? இது இனிமே யாருக்கும்மா?" என்றாள். கணவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. என்னைவிட நிறையப் படித்தவர்கள், அல்லது எதையும் படிக்காமல் இரண்டு பிள்ளை பெற்று நிம்மதியாக இருப்பவர்கள், யாராவது சொல்லுங்கள். பையை அப்படியே கொடுத்துவிடவா? இல்லை, அந்த வெள்ளைச் சட்டை ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளவா? பிறக்கிற குழந்தைக்கு முதலில் போட ஒன்று போதும்.