பாவாயி நங்கையாவின் மூச்சு

என் வீட்டுக்காரரின் அக்கா பாவாயிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது எந்த வருசம் என்று நீ நோட்டோடு வந்து கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. இருமல் இருந்தது, யாருக்குத்தான் இல்லை என்று இருந்துவிட்டோம். மார்கழியில் கூடும், சித்திரையில் குறையும். விடிந்ததும் கொல்லைப்பக்கம் போய் வெள்ளைச் சளியாகத் துப்பிவிட்டு வந்து, "தொண்டையைக் கூட்டிட்டு வந்துட்டேன் புள்ள" என்று சிரிப்பார்.

நான் அவரை நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். புருசன் போனபிறகு, மிஞ்சிய ஒரே மகள் செல்லியம்மாளைக் கூட்டிக்கொண்டு மோகனூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். செல்லியைப் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்தோம்.

எங்களுக்குக் கரும்பு வெள்ளாமை. மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் கரும்புக் காட்டிலேயே ஆலை ஓடும். மாடு சுற்றிவந்து கரும்பை நசுக்கும். சாறு கொப்பரையில் கொதித்து வெல்லமாகும். நங்கையா கரும்புக் கட்டுச் சுமப்பார். ஒரு வருசம் பத்தடி நடந்ததும் கட்டை இறக்கிவிட்டு நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் சின்னண்ணனுக்கு அக்கா என்றால் உயிர். "அக்கா இனிமேச் சுமக்க வேண்டாம். அடுப்பு முன்னால குந்திக்கிட்டு எரியறதுக்குக் கரும்புச் சக்கை தள்ளட்டும்" என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை, குளிருக்கும் கதகதப்பு. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு வருசம் அந்த அடுப்பு வாயில் உட்கார்ந்தார். சக்கை சரியாகக் காயாத நாளில் புகை எப்படி எழும் தெரியுமா? பக்கத்தில் நிற்கிற மாடு தெரியாது.

மேட்டூர் அணை கட்டி முதன்முதலாகத் தண்ணீர் தேக்கின மறுவருசம் நங்கையாவின் கன்னம் ஒட்டிப்போனது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு மூச்சு இல்லை. பக்கத்துக் காட்டு வேலுசாமி வந்து பார்த்துவிட்டு, "இது சயரோகந்தான் சின்னண்ணா, ஒட்டிக்கும், ஒதுக்கி வெச்சுரு" என்றார். நான்தான் ஒதுக்கி வைத்தேன். தட்டும் டம்ளரும் தனி, படுக்கை மாட்டுக் கொட்டகையோரம். வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள். அதற்காக நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டை மாற்றினேனே, அது தப்பு. அதையும் எழுதிக்கொள்.

சேதி பள்ளிபாளையம் போய்விட்டது. செல்லிக்கு அப்போது ஆறு மாசம், தலைப்பிரசவம். அவள் மாமியார் காளியாத்தாள் சொல்லியனுப்பினார்: "சயம் இருக்கற ஊட்டுக்கு எம்மருமகளை அனுப்ப மாட்டேன்." அன்றைக்கு நங்கையா கஞ்சியைத் தொடவில்லை.

"ஏம்புள்ள, எனக்குச் சயம்னா நான் காட்டுச் சாளைக் குடிசையில போயி இருந்துக்கறேன். செல்லி இங்க வந்து பெத்துக்கட்டும். ஆனா சயந்தானான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்."

"ஊரே சொல்லுது, அப்பறம் டாக்டரு எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊரு நங்கையா நெஞ்சுல காது வெச்சுக் கேட்டுச்சுங்களா? வண்டியைப் பூட்டுங்க" என்றேன் நான்.

நாமக்கல்லில் ஒரு டாக்டர், பாலசுந்தரம் என்று பேர். முதலில் கேள்வியாகவே கேட்டார். சாயங்காலம் காய்ச்சல் வருமா? இல்லை. சளியில் ரத்தம்? ஒருநாளும் இல்லை. பீடி, சுருட்டு?

"வெத்தலை மட்டுந்தானுங்க" என்றார் நங்கையா.

டாக்டர் அவர் முதுகில் விரலை வைத்துத் தட்டினார். காலிக் குடம் மாதிரி 'டொம் டொம்' என்றது, எனக்கே கேட்டது. குழாய் வைத்து, மூச்சை விடச் சொன்னார். உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. நாங்கள் எல்லாம் இரண்டு மூச்சு விடுகிற நேரம் அவருக்கு ஒன்றுக்கே ஆனது. பிறகு தீக்குச்சியைக் கொளுத்தி ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "உதட்டைக் குவிக்காம, வாயைத் திறந்து ஊதுங்க அம்மா." நங்கையா ஊதினார். சுடர் ஆடியதே தவிர அணையவில்லை. டாக்டர் விரல் சுட்டு, அவரே அணைத்தார்.

"காலைச் சளியை மூணு நாள் பூதக்கண்ணாடியில வெச்சுப் பார்க்கணும்" என்றார். சத்திரத்தில் தங்கினோம். மூன்றாம் நாள், "சயக் கிருமி இல்லை" என்றார். நங்கையா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பின்னே என்னங்க வியாதி?"

"என்ன வேலை செய்யறீங்க?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கஷ்ட வேலையே கொடுக்கறதில்லீங்க. ஆலை அடுப்பு முன்னால குந்திக்கிட்டிருக்கற வேலைதானுங்க."

டாக்டர் அவரையே பார்த்தார். "அந்தப் புகைதான் வியாதி. மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு, நெஞ்சுல காத்து தேங்கி நிக்குது. போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது, ஆலை அடுப்பானாலும் சோத்து அடுப்பானாலும்." மூச்சு முட்டும்போது போட மாத்திரை கொடுத்தார். முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, சூட்டுக் கஞ்சியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடச் சொன்னார். சளி மஞ்சளானால் உடனே வரவேண்டும். சயமில்லை என்று ஒரு காகிதமும் எழுதினார்.

வண்டியில் வரும்போது என் வீட்டுக்காரர் அழுதார். "நாந்தானே அக்கா அங்க குந்த வெச்சேன்."

"அட போடா. நிக்க வெச்சிருந்தா இதோட காலும் வலிச்சிருக்கும்."

காகிதத்தைப் பள்ளிபாளையத்துக்கு நானே கொண்டுபோனேன். காளியாத்தாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதம் யாரு வேணும்னாலும் எழுதலாமுங்க."

"எழுதலாமுங்க. ஆனா எம்புள்ளைங்க மூணும் நாலு நாளா அவர் மடியிலதான் தூங்குது. பயப்படறதுன்னா முதல்ல நானல்லோங்க பயப்படணும்? வேணும்னா வந்து பாருங்க, ஊட்டுல இடமிருக்குது."

வந்தார். இரண்டு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், பார்த்தார். ஒன்பதாம் மாசம் செல்லியைத் தானே கொண்டுவந்து விட்டார்.

வைகாசியில் பெண் குழந்தை. பிரசவ அறையில் நங்கையா மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நடுநடுவே முன்னால் சாய்ந்து உதட்டைக் குவித்து ஊதுவார். வலியிலும் செல்லி, "ஏன் ஆத்தா, பெக்கறது நீயா நானா?" என்று கேட்டாள்.

பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்க்க நங்கையாதான் காலை நீட்டி உட்கார்ந்தார். வார்த்து முடித்ததும் காளியாத்தாள் கங்குச்சட்டியில் சாம்பிராணி போட்டு எடுத்துவந்தார்.

"புகை காட்டாட்டித் தலை ஈரம் காயாதுங்க, சளி புடிச்சுக்கும்."

"புகை வேண்டாமுங்க. இங்க ஒரு நெஞ்சு பட்டது போதும்" என்று சட்டியை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய்விட்டேன். காளியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நான் அசையவில்லை. நங்கையா பிள்ளையை வெயிலில் போட்டு, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் முடி தானாகக் காய்ந்தது.