சாப்பிட்டீர்களா என்ற கேள்வி

என் வேலை என்னவென்று யாருக்கும் நான் புரியவைத்ததில்லை. இப்போது அந்த ஆசையும் விட்டுப்போயிற்று. கம்ப்யூட்டர் புரோகிராம் தப்பு செய்யாது என்று நிரூபித்துக் கொடுப்பது என் தொழில் என்றால், "அப்ப கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, மற்றவர்கள் புரோகிராமைச் சோதிப்பது அப்படித்தான். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பானையில் இருக்கும் ஒவ்வொரு பருக்கையையும் நசுக்கிப் பார்த்தாக வேண்டும். நசுக்கி நசுக்கிக் கண் கெட்டதும் இடுப்பு போனதும்தான் மிச்சம்.

பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி ஒரு புரோகிராம் செய்து கொடுத்தது. சர்க்கரை நோயாளிக்கு எப்போது, எவ்வளவு இன்சுலின் போடலாம் என்று அது நர்ஸுக்குச் சொல்லும். உள்ளே முழுக்க விதிகள்தான்: இப்படி இருந்தால் இதைச் செய், அப்படி இருந்தால் அதைச் செய்யாதே. சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று சொல்ல முடியாத நோயாளிகளுக்கு, சாப்பிட்ட பிறகே ஊசி. சாப்பிடவில்லை என்றால் ஊசி கிடையாது; போட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. இதுதான் எல்லாவற்றுக்கும் மேலான விதி. மற்ற விதிகள் எப்படிச் சேர்ந்தாலும், எப்படி மோதிக்கொண்டாலும் இந்த ஒன்றை மீறவே முடியாது என்று கணக்குப் போட்டு நிரூபித்து, கீழே கையெழுத்தும் போட்டேன். ஒரு கோடைகாலம் முழுவதும் அதிலேயே போயிற்று.

அந்த வருடம் என் அண்ணனுக்குச் சர்க்கரையால் காலில் புண். நாகமலைக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். அண்ணி உயிரோடு இல்லை, மகன் வெளியூரில். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவர் கையால் தொடமாட்டார். வீட்டிலிருந்து நான்தான் கொண்டுபோவேன்.

அன்றைக்குக் காளவாசல் சந்திப்பில் பஸ் நகரவே இல்லை. ஏதோ ஊர்வலமாம். வெயிலில் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடந்தார். பேச்சு இல்லை. ஒரு நர்ஸ் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அண்ணன் கண் திறந்து, "வந்துட்டியாத்தா" என்றார்.

நடந்தது இவ்வளவுதான் என்று அந்த நர்ஸ் சொன்னாள். "சாப்டீங்களாண்ணே?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "ஆச்சு தாயி" என்றிருக்கிறார். அவள் 'ஆம்' என்று தட்டினாள், புரோகிராம் ஊசி போடச் சொன்னது.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு யார் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்? வயிறு காந்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலும் "இப்பத்தான் சாப்ட்டு வாரேன்" என்போம். அப்படித்தான் வளர்ந்தோம். நானும்தான். ஆனால் கோடை முழுக்க உட்கார்ந்து நிரூபித்த எனக்கு, அந்த 'ஆம்' வெறும் மரியாதையாக இருக்கக்கூடும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. என்ன படித்து என்ன?

அன்று சாயங்காலம், நர்ஸ் கேட்டாளா, என்ன சொன்னீர்கள் என்று டாக்டர் விசாரித்ததற்கு, "நெனப்பு இல்லீங்க" என்றுவிட்டார் அண்ணன். நான் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தப் பெண்ணின் வேலைக்கே உலை வைத்துவிட்டு மனுஷன் வீம்பாகப் படுத்திருக்கிறாரே என்றிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி விசாரணை வைத்தார். எங்கள் மேலாளர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "உங்க அண்ணன்னு வாயத் தெறக்காதீங்க, ரிப்போர்ட்ட மட்டும் பேசுங்க" என்று படியேறும்போதே சொல்லிவிட்டார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. உள்ளே அந்த நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். கேரியரோடு முந்தின நாள் என்னைப் பார்த்தவள்தான். நான் நோயாளியின் தங்கை என்று தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதிகாரி நான் கையெழுத்துப் போட்ட தாளைத் தூக்கிக் காட்டினார். "புரோகிராம் தப்புப் பண்ணாதுன்னு மேடமே நிரூபிச்சிருக்காங்க. அப்ப நீதானம்மா கேக்காமயே தட்டியிருக்க? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"கேட்டேன் சார். சாப்டேன்னுதான் சொன்னாரு."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

நான் வாயைத் திறந்தேன். பதில் உண்மையாக இருந்தால் ஊசி சரியாக இருக்கும், அவ்வளவுதான் என் நிரூபணம். பதில் உண்மையா என்று அதற்குத் தெரியாது என்றேன். மேலாளர் முறைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும் மேடம், இந்தப் பொண்ணு கேட்டுச்சுங்கறதுக்குச் சாட்சி இருக்கா?" என்றார் அதிகாரி.

அப்போது கதவு திறந்தது. வார்டு ஆயா சக்கர நாற்காலியில் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார். விசாரணை நடப்பதைக் கேட்டு அண்ணனே கூட்டிப்போகச் சொன்னாராம். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அந்தப் புள்ள கேட்டுச்சுங்க. நாந்தான் சாப்டேன்னு பொய் சொன்னேன்."

"எதுக்குங்க பொய்?" என்றார் அதிகாரி.

அண்ணன் துண்டின் நுனியை முறுக்கினார். "கூடப் பொறந்தவ இதே ஊர்ல இருக்கா. அவ இருந்தும் எனக்குச் சோறு வரலன்னு அடுத்தவுக கிட்ட எப்படிச் சொல்ல? அவள நாலு பேரு என்ன நெனப்பாக?"

ஒற்றை ஆளிடம் சொல்லக் கூசி உயிரையே விடப் பார்த்தவர், அதை அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதிகாரி தாளைக் கீழே வைத்தார். "நீ வார்டுக்குப் போம்மா, வேலையப் பாரு" என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அந்தத் தங்கச்சி யாருங்க? அவங்ககிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும்" என்றார் அதிகாரி அண்ணனிடம்.

அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நாந்தான் சார்."

அப்போதுதான் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்குத்தா எந்திரிக்கிற? ஒக்காரு" என்றார்.