கோடு சிஸ்டர்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கோடு சிஸ்டர்' என்றால்தான் தெரியும். தரை துடைக்கும் ஆயாவிலிருந்து எலும்பு டாக்டர் வரைக்கும் அப்படித்தான். அவளும் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் அந்த வார்டில் வேறு நிறைய இருந்தன.

நோயாளியின் பதிவுத் தாளில் நர்ஸ் காலியிடம் விடக்கூடாது. எழுதி முடித்ததும் மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். விட்டுவைத்தால் பின்னால் வருகிற எவரும் அங்கே எதையாவது சொருகிவிடலாம். தப்பாக எழுதிவிட்டாலோ, அடித்து மெழுகக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. மேலே ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் 'தவறான பதிவு' என்று எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. இது நர்ஸ் படிப்பின் முதல் வருஷத்துப் பாடம். மற்றவர்கள் மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அதை ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். இவள் பதினான்கு வருஷமாகத் தினமும் செய்தாள்.

பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் 'இதர தகவல்கள்' என்ற கட்டம் கிடைத்தால் குறுக்கே ஒரு கோடு விழும். மாமியார் கடைக்குச் சாமான் எழுதிக் கொடுத்தால் கடைசி வரிக்கு அடியில் ஒரு கோடு.

"ஏம்மா, அப்புறமா எனக்கு ஏதாவது ஞாபகம் வந்தா நான் எங்க எழுதுறது?"

"வேற தாள்ல எழுதுங்க அத்தை. எழுதின நேரத்தையும் போடுங்க."

மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்த அம்மாளுக்கு மருமகள் மேல் உள்ளுக்குள் பெருமை உண்டு. பக்கத்து வீட்டாரிடம், "எங்க வீட்டுக் காகிதத்துல எவனும் கைவைக்க முடியாது" என்று சொல்வதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

முப்பத்தொன்பது வயதில் இவள் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டாள். வார்டில் முப்பத்திரண்டு படுக்கை, ஒரு வேளைக்கு இரண்டு நர்ஸ். ஒருத்தி மருந்து கொடுக்கப் போனால் மற்றவள் முப்பத்திரண்டு பேருக்கும் கண்ணாக இருக்க வேண்டும். அந்த நாட்டில் ஒரு நர்ஸுக்கு ஆறு பேர்தான் என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு செய்துவிட்டாள். "இந்த வயசுல போய் புதுசா ஆரம்பிக்கணுமா?" என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். "இந்த வயசுலதாங்க எனக்கு வேலையே தெரியும்" என்றாள்.

மொழித் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாவது முறை தேறினாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கே வாயில் நுழையாத வார்த்தைகளையெல்லாம் மனைவியிடம் கேட்டுக் கழுத்தறுத்த புண்ணியவான். கடைசியில் அங்கே ஒரு ஆஸ்பத்திரி வீடியோவில் நேர்முகம் நடத்தி, விசாவுக்குத் தாங்களே ஸ்பான்சர் செய்வதாகச் சொன்னது. வேலை கொடுப்பவர் ஸ்பான்சர் செய்யாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதனால் அந்த ஒரு வார்த்தைக்கு வீடே எழுந்து நின்றது.

அங்கேதான் கோடு காலை வாரிவிட்டது. பத்துப் பக்கப் படிவம் வந்தது. இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிரப்பினாள். நிரப்பியதோடு விட்டாளா? காலியாகத் தெரிந்த கட்டத்திலெல்லாம் குறுக்கே கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். அதில் ஏழாம் பக்கம், இப்போது வேலை பார்க்கும் இடத்தில் மேலதிகாரி நிரப்ப வேண்டிய பக்கம். நாலு நாளில் படிவம் திரும்பி வந்தது. 'தயவுசெய்து இந்தப் பக்கத்தில் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. கூடவே புதிதாக ஏழாம் பக்கம் மட்டும் ஒன்று. அது மேலதிகாரியின் கையெழுத்தோடும் முத்திரையோடும் வியாழக்கிழமை மாலை நம்மூர் நேரம் நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும். மற்ற எல்லாம் சரி, அந்த ஒரு தாள் மட்டும்தான் பாக்கி.

"கடல் தாண்டிப் போற காகிதத்துலயும் கோடு போட்டுட்டியா!" என்று மாமியார் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மகள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். இவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

அதே வாரத்தில்தான் ஆறாம் படுக்கை விவகாரம் வெடித்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆறாம் படுக்கையில் இருந்தவர் ஒரு கொத்தனார். குடல் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் மதியம் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. நாடி ஓட்டமாய் ஓடியது. இவள் பணியில் இருந்த சர்ஜனைப் போனில் கூப்பிட்டாள். இரண்டு பத்துக்கு ஒரு முறை, இரண்டு நாற்பதுக்கு ஒரு முறை, மூன்று இருபத்தைந்துக்கு ஒரு முறை. மூன்று தடவையும் "வர்றேன்" என்று பதில் வந்தது. ஆள் வந்தது நாலு ஐந்துக்கு. கொத்தனாரை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தார். ஆனால் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன் ஒன்றரை மாதம் கிடந்தார். இப்போது அவர் மனைவி புகார் எழுதிக் கொடுத்து, பதிவுத் தாளின் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தாள். தாளில் மூன்று நேரமும் இவள் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தன.

வியாழக்கிழமை மதியம் ஏழாம் பக்கத்தை எடுத்துக்கொண்டு நர்சிங் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள். அந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்து மேலே வந்தவர்.

"உக்காரு சிஸ்டர்" என்றார் மேடம். அந்த அறையில் எந்த நர்ஸையும் உட்காரச் சொன்னதில்லை. அப்போதே இவளுக்குச் சுருக்கென்றது.

மேடம் ஏழாம் பக்கத்தை வாங்கி மேஜையில் ஓரமாக வைத்தார். டிராயரைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து இவள் முன்னால் தள்ளினார். ஆறாம் படுக்கையின் பதிவுத் தாள். அதே தேதி, அதே நோயாளி. அத்தனையும் புதிதாக வேறு கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு போன், மூன்று ஐம்பதுக்கு. டாக்டர் வந்தது நாலு ஐந்துக்கு. அடியில் நர்ஸ் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. உன் ஃபார்மை நான் இப்பவே நிரப்பித் தர்றேன்."

"பழைய தாள் என்ன ஆகும் மேடம்?"

"அது உனக்கு எதுக்கு? வெளிநாடு போற பொண்ணு நீ. இங்க நடந்ததை ஏன் தலையில தூக்கிச் சுமக்கிற? டாக்டருக்கும் குடும்பம் இருக்கு. அந்த ஆளுதான் பொழச்சுட்டாரே."

மேடம் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மேலேயிருந்து அவரைப் பிடித்து அழுத்தியிருந்தார்கள், அவர் கீழே பிடித்து அழுத்தினார். அவ்வளவுதான். ஆனால் அழுத்தப்படுகிறவளுக்கு அந்த நியாயமெல்லாம் ஏன் தெரிய வேண்டும்? இவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருஷப் படிப்பு, மூன்று தேர்வு, புருஷனின் வாயில் நுழையாத வார்த்தைகள், எல்லாம் மேஜை ஓரத்தில் அந்த ஒரு தாளாகக் கிடந்தன. சுவரில் மணி இரண்டே முக்கால்.

புதுத் தாளைக் கையில் எடுத்தாள். வலது மேல் மூலையைப் பார்த்தாள். சிவப்பு முத்திரையில் வரிசை எண் இருந்தது. பதிவுத் தாள்கள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று பதிவறையில் ஒரு நோட்டு உண்டு. தாள் அசலாக இருக்க வேண்டும் என்று மேடமே அங்கே போய் வாங்கி வந்திருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மேடத்தின் முகம் தளர்ந்தது.

இவள் தாளின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரே ஒரு கோடு இழுத்தாள். அடியில் இருந்தது ஒரு எழுத்து விடாமல் படிக்கத் தெரிந்தது. பக்கத்தில் எழுதினாள்: 'தவறான பதிவு. என்னால் எழுதப்படவில்லை. கையெழுத்திடுமாறு என்னிடம் தரப்பட்டது.' தேதி. நேரம் இரண்டு நாற்பத்தேழு. கையெழுத்து.

"என்ன காரியம் பண்ணே!" மேடம் எழுந்தே விட்டார்.

"நீங்க கையெழுத்துதானே கேட்டீங்க மேடம். போட்டுட்டேன்."

"இதை நான் கிழிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கிழிங்க. பழைய தாள் மாதிரியே இதுவும் நம்பர் போட்ட தாள். நோட்டுல உங்க கையெழுத்து இருக்கும். தாள் எங்கன்னு கேட்டா நீங்கதான் சொல்லணும்."

மேடம் உட்கார்ந்தார். தாளைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"இப்ப உன் ஃபார்ம் என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். நீங்க நிரப்பலேன்னா பரவாயில்ல. நானே அதுல கோடு போட்டு, ஏன் காலியா இருக்குன்னு பக்கத்துலயே எழுதி அனுப்புறேன். அங்கேயிருந்து ஒருதடவை திருப்பி அனுப்பினாங்க, இன்னொருதடவை அனுப்பட்டும். வேற ஆஸ்பத்திரிக்கும் அப்படியே அனுப்புவேன். எங்க அனுப்பினாலும் அதேதான் எழுதுவேன். எனக்கு இந்த ஊர்லயே வேலை செய்யவும் கை இருக்கு."

பதினான்கு வருஷமாக அந்த அறையில் பேசாத பேச்சு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

மேடம் அந்தச் சிவப்பு எண்ணை இன்னொருதடவை பார்த்தார். அப்புறம் ஏழாம் பக்கத்தைச் சரக்கென்று தன் பக்கம் இழுத்தார். விறுவிறுவென்று எழுதினார். எத்தனை வருஷம், எந்த வார்டு, என்ன பதவி. 'பதிவுகளை எழுதுவதில் இவர் நம்பகமானவரா?' என்ற கேள்விக்கு முன்னால் பேனா நின்றது. மேடம் நிமிரவே இல்லை. 'ஆம்' என்ற கட்டத்தில், தாள் கிழிகிற மாதிரி ஒரு டிக் போட்டார். கடைசியில் கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

"நானே ஸ்கேன் பண்ணி அனுப்பிடறேன். நீ வார்டுக்குப் போ."

இவள் போகவில்லை. குனிந்து தாளைப் பார்த்தாள். 'மேலதிகாரியின் பிற கருத்துகள்' என்ற பெரிய கட்டம், அரைப் பக்கத்துக்கு, சுத்தமாகக் காலியாக இருந்தது.

"மேடம்."

"இன்னும் என்ன?"

இவள் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "காலியா இருக்கு. அப்புறமா யாராவது ஏதாவது எழுதிடுவாங்க."

மேடத்தின் முகம் சிவந்தது. இவளும் கண்ணை எடுக்கவில்லை, விரலையும் எடுக்கவில்லை. நர்ஸ் படிப்பின் முதல் வருஷத்தில் அந்த அம்மாளும் இதே பாடத்தைப் படித்தவர்தானே. பேனாவை மறுபடி திறந்தார்.

மூன்று இருபதுக்கு, அலுவலகக் கம்ப்யூட்டரில் தாள் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து புருஷனைப் போனில் கூப்பிட்டாள். அவன் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் இருந்தான். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"மேடம் உன்னைப் பத்தி என்ன எழுதினாங்க?"

"ஒண்ணும் எழுதல" என்றாள். "கோடு போட்டாங்க."